உருகிய உப்பும் பழவினையும்

ஒருவன் இன்று ஒன்றைச் செய்கிறான். அதன் பயன் பல ஆண்டு கழித்தோ மறுபிறப்பிலோ அவனை வந்து சேரும் என்று இந்தியச் சமயங்களில் பெரும்பாலானவை சொல்கின்றன. செயல் செய்த கணத்தோடு முடிந்துவிட்டது; பயன் இன்னும் பிறக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் அந்த வினை எங்கே இருக்கிறது, என்னவாக இருக்கிறது? வினையை மறுத்தவர்கள் கிளப்பிய குதர்க்கம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. நம்பியவர்களே இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். மீமாம்சகர் வேள்விக்கும் அதன் பலனுக்கும் நடுவே ‘அபூர்வம்’ என்று கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஆற்றலை வைத்தார்கள். சமணர் வினையை நுண்ணிய பருப்பொருளாகவே கொண்டு, அது உயிரில் வந்து ஒட்டிக்கொள்கிறது என்றார்கள். சைவ சித்தாந்திகள் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாக வகுத்து, சேர்ந்து கிடப்பது எது, இப்போது நுகர்வது எது, புதிதாக ஏறுவது எது என்று பிரித்துக் காட்டினார்கள். மினாந்தர் என்னும் கிரேக்க அரசன் பௌத்தத் துறவி நாகசேனரிடம் இதே கேள்வியைக் கேட்டதாக மிலிந்தபஞ்ஹா என்ற பாலி நூலில் வருகிறது. இன்னும் காய்க்காத மரத்தின் கனிகளை ‘இதோ இங்கே இருக்கின்றன’ என்று காட்ட முடியுமா என்று நாகசேனர் திருப்பிக் கேட்கிறார். அரசன் அதோடு அடங்கிவிடுகிறான். கொஞ்சம் சீக்கிரமே அடங்கிவிட்டான் என்றுதான் தோன்றுகிறது.

இந்தக் கேள்வியின் ஒரு பகுதியை, சமயத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், சூரிய மின் நிலையங்களுக்காக வெப்பத்தைச் சேமிப்பவர்கள் தொட்டிருக்கிறார்கள். அவர்களுடைய சிக்கலும் இடைவெளிச் சிக்கல்தான். வெயில் நண்பகலில் கொட்டுகிறது. மின்சாரம் வேண்டியிருப்பது விளக்கேற்றிய பிறகு. அவர்கள் கண்டது வினைக் கோட்பாட்டை மெய்ப்பிக்கவில்லை, மெய்ப்பிக்கவும் முடியாது. ஆனால் முடிந்துபோன ஒன்று ஒரு பொருளில் எப்படித் தங்குகிறது என்பதற்கு இயற்கை தரும் தெளிவான உதாரணம் அங்கே கிடைக்கிறது. அதை வைத்துப் பார்க்கும்போது, வினை என்பது எங்கோ சேர்த்துவைத்த சரக்கு என்னும் எண்ணம் நிலைக்காது என்பதும், வினை என்பது செய்தவனிடம் நேர்ந்த நிலைமாற்றம் என்னும் எண்ணம் நிலைக்கும் என்பதும் என் வாதம்.

வெப்பத்தைச் சேமிக்க எளிய வழி, ஒரு பொருளைச் சூடாக்கி ஆறவிடாமல் காப்பது. ஸ்பெயினில் கிரனாடா பக்கம் 2009இல் ஓடத் தொடங்கிய அந்தசோல் நிலையத்தில் ஏறத்தாழ 28,500 டன் நைட்ரேட் உப்புக் கலவையை 290 டிகிரி செல்சியஸிலிருந்து 390 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, சூரியன் மறைந்த பின் ஏழரை மணி நேரம் வரை மின்சாரம் எடுக்கிறார்கள். ராஜஸ்தானின் அபு ரோடில் பிரம்மகுமாரிகள் அமைப்பு சார்ந்த ‘இந்தியா ஒன்’ நிலையத்தில், ஒவ்வொன்றும் 60 சதுர மீட்டர் பரப்புள்ள 770 ஆடிகள் வெயிலை வார்ப்பிரும்பில் குவிக்கின்றன. வினையையும் பயனையும் பற்றி நாள்தோறும் பாடம் நடத்தும் ஓர் அமைப்பு, பகலின் பலனை இரவுக்கு எடுத்துவைக்க இரும்பை நம்பியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இவ்விரண்டு இடங்களிலும் இருப்பு எவ்வளவு என்பதை வெப்பமானியே சொல்லிவிடும். சூடு ஏற ஏறச் சேமிப்பும் ஏறுகிறது.

இன்னொரு வழி இவ்வளவு வெளிப்படையானதில்லை. சோடியம் நைட்ரேட்டைச் சூடாக்கிக்கொண்டே போனால் 306 டிகிரி வாக்கில் அது உருகத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் ஒரு கிலோ உப்பு ஏறத்தாழ 175 கிலோஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வெப்பமானி மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையாது. அதே அளவு வெப்பத்தை உருகாத நிலையில் ஏற்றியிருந்தால் சூடு ஏறத்தாழ 100 டிகிரி கூடியிருக்கும். ஜெர்மானிய விண்வெளி ஆய்வு மையத்தினர் ஸ்பெயினின் கார்போனெராஸில் 14 டன் சோடியம் நைட்ரேட்டை நீராவிக் குழாய்களோடு இணைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். வெப்பத்தை உள்ளே போடுவதைவிடத் திரும்ப எடுப்பதுதான் கடினம். குழாய்க்குள் ஓடும் நீர் வெப்பத்தை இழுக்கும்போது, குழாயை ஒட்டியிருக்கும் உப்பு முதலில் உறைகிறது. உறைந்த படலம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே முதலில் வெளியேறிய வெப்பம் விட்டுச்சென்ற படலமே பின்னால் வரவேண்டிய வெப்பத்தின் வழியை அடைத்துவிடுகிறது. இதைச் சமாளிக்கக் குழாயைச் சுற்றிலும் அலுமினியத் தகடுகளைத் துடுப்புகள்போல் பொருத்தி, உப்பின் நடுப்பகுதிவரை நீட்டவேண்டியிருக்கிறது.

உள்ளே போன வெப்பம் தொலைந்துபோகவில்லை என்று முதலில் எப்படித் தெரிந்தது? கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஜோசப் பிளாக் 1760களின் தொடக்கத்தில் செய்த சோதனை மிக எளியது. அக்காலத்தில், பனிக்கட்டி உருகுநிலைக்கு வந்துவிட்டால் இன்னும் சிறிது சூடு பட்டாலே முழுதும் உருகிவிடும் என்று நினைத்திருந்தார்கள். அப்படியானால் வேனில் தொடங்கியதும் மலைப்பனி முழுவதும் ஒரே மூச்சில் உருகி ஊர்களை அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டுமே என்று பிளாக் கேட்டார். ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குடுவைகளை எடுத்தார். ஒன்றில் பனிக்கட்டி, மற்றதில் உறையும் தறுவாயில் இருக்கும் குளிர்நீர். இரண்டையும் ஒரு பெரிய கூடத்தில் தொங்கவிட்டார். நீர் அரைமணி நேரத்தில் 7 ஃபாரன்ஹீட் டிகிரி சூடேறியது. பனிக்கட்டி இருந்த குடுவை அதே சூட்டை எட்ட 21 அரைமணி நேரம் பிடித்தது. இரண்டு குடுவைக்கும் ஒரே கூடத்தின் காற்றுதான் வெப்பம் தந்தது. அப்படியிருக்க, பத்து மணி நேரமாகப் பனிக்கட்டிக்குள் போன வெப்பம் எங்கே? கணக்குப் போட்டுப் பார்த்து, நீரை ஏறத்தாழ 140 ஃபாரன்ஹீட் டிகிரி சூடேற்றப் போதுமான வெப்பம் உருகுவதிலேயே செலவாகியிருக்கிறது என்று பிளாக் சொன்னார். இன்றைய அளவீட்டில் அது 143 அல்லது 144. கூடத்தில் தொங்கிய இரண்டு குடுவைகளை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியது பெரிய காரியம்.

மணிமேகலையில் வரும் பூதவாதி போன்றவர்களுக்கு, காட்சிக்கு எட்டாத எதையும் ஒப்புக்கொள்ள மனம் இல்லை. வினையை மறுக்க அவர்கள் கையாண்ட முதல் ஆயுதமும் அதுதான்: தெரியவில்லை, ஆகவே இல்லை. இந்த ஆயுதம் பிளாக்கின் குடுவை முன்னால் மழுங்கிவிடுகிறது. வெப்பம் போய்க்கொண்டிருந்த நேரம் முழுவதும் கையும் கருவியும் ஒரு மாற்றத்தையும் காட்டவில்லை. மீமாம்சகர் இப்படிப்பட்ட இடங்களுக்காகவே அருத்தாபத்தி என்னும் அளவையை வைத்திருந்தார்கள். பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்துக்கொண்டே போகிறான் என்றால் அவன் இரவில் உண்கிறான் என்று கொள்ளாமல் வேறு வழியில்லை. ஆனால் பிளாக்கின் அருத்தாபத்திக்கும் வேள்விப் பயனைப் பற்றிய அருத்தாபத்திக்கும் பெரிய வேறுபாடு உண்டு. மறைந்தது எவ்வளவு என்று பிளாக் அளவு சொன்னார். நீர் மறுபடி உறையும்போது அதே அளவு வெப்பம் வெளிவரும் என்பதை யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம். வேள்வி செய்தவனுக்கு எப்போது, எவ்வளவு என்று கேட்டால் அபூர்வத்திடம் பதில் இல்லை. புலப்படாதது இருக்கக்கூடும் என்பதுவரை மீமாம்சகர் பக்கம்தான் நியாயம். இருக்கக்கூடும் என்பதிலிருந்து இருக்கிறது என்பதற்குப் போக, பிளாக் கொடுத்த விலையை அவர்கள் கொடுக்கவில்லை.

இதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. மறைந்த வெப்பம் என்ன பொருள்? அக்காலத்தவர் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாய்மமாகக் கருதினார்கள். லவாசியே 1789இல் வெளியிட்ட தனிமங்களின் பட்டியலில் ‘கலோரிக்’ என்ற பெயரில் அதுவும் இடம்பெற்றது. பனிக்கட்டி உருகும்போது அந்தப் பாய்மம் நீருக்குள் புகுந்து ஒளிந்துகொள்கிறது, உறையும்போது வெளியே வருகிறது. இதுதான் அவர்கள் கண்ட காட்சி. 1798இல் ரம்ஃபோர்டு பீரங்கிக் குழாயைத் துளையிடும்போது வெப்பம் தீராமல் வந்துகொண்டே இருந்ததைக் காட்டினார். 1840களில் ஜூலின் சோதனைகள் வந்தன. கலோரிக் மெல்லச் செத்தது. பிளாக்கின் எண் மட்டும் சாகவில்லை. ஏதோ தங்கியிருக்கிறது என்பதில் அவர் சொன்னது சரி. ஒரு சரக்கு உள்ளே பதுங்கியிருக்கிறது என்று அதைப் புரிந்துகொண்ட விதம்தான் தவறு. எள்ளுக்குள் எண்ணெய் எண்ணெயாகவே இருக்கிறது. உருகிய உப்புக்குள் வெப்பம் அப்படி வெப்பமாக இல்லை. உருகும்போது நடப்பது, சோடியமும் நைட்ரேட்டும் வரிசை வரிசையாகக் கட்டுண்டிருந்த அமைப்பு தளர்வது. அந்தத் தளர்வுக்குத்தான் வெப்பம் செலவாயிற்று. கட்டு மறுபடி இறுகும்போது அது திரும்ப வருகிறது. தொட்டியின் எந்த மூலையைத் துழாவினாலும் ‘இதோ மதியத்து வெயில்’ என்று எடுத்துக்காட்ட ஒன்றும் கிடைக்காது. வேறு நிலையில் இருக்கும் உப்பு மட்டும் கிடைக்கும். நாகசேனர் சொன்னது சரிதான். அவர் இன்னும் இரண்டு அடி போயிருக்கலாம்: கனி எங்கும் ஒளிந்திருக்கவில்லை, ஆனால் மரம் முன்பிருந்த மரமாக இல்லை.

வினையைப் பற்றி நம்மிடையே வழங்கும் பேச்சு பெரும்பாலும் கலோரிக் பேச்சாகவே இருக்கிறது. புண்ணியத்தைச் சேர்க்கிறோம், பாவத்தைச் சுமக்கிறோம், சித்திரகுப்தன் கணக்கு எழுதுகிறான். காஞ்சிபுரத்தில் அவனுக்குக் கோயிலே இருக்கிறது. இப்படிப் பேசும்போது வினை செய்தவனை விட்டுப் பிரிந்து வேறெங்கோ கிடக்கும் ஒன்றாகிவிடுகிறது. பிரிந்து கிடப்பது திரும்பி வந்து அவனையே கண்டுபிடிக்க வேண்டும். பல பசுக்களுக்கு நடுவே விட்டாலும் கன்று தன் தாயைத் தேடி அடைவதுபோலப் பழவினை செய்தவனைத் தேடி அடையும் என்று நாலடியார் சொல்வது இந்தத் தேவையை ஒட்டித்தான். சேமித்த வெப்பத்துக்கு அந்தக் கன்றின் அறிவு கிடையாது. அது தன்னைவிடக் குளிர்ந்தது எதுவோ அதற்குள் போகும். திங்கட்கிழமை வெயிலுக்கும் செவ்வாய்க்கிழமை வெயிலுக்கும் அங்கே வேறுபாடு இல்லை; போட்டவர் யார் என்ற நினைவும் இல்லை. சைவ சித்தாந்திகள் இந்தச் சிக்கலை நேர்மையோடு பார்த்தவர்கள். வினை சடப்பொருள், அதற்கு அறிவில்லை, தானாகவே போய்ச் செய்தவனைச் சேர அதனால் முடியாது. ஆகவே கூட்டிவைக்க இறைவன் வேண்டும் என்றார்கள். சேமிப்பு வேறு, நீதி வேறு என்று ஒப்புக்கொண்ட வாதம் இது. கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டால், அதைப் படித்துப் பட்டுவாடா செய்ய ஒருவரும் வேண்டும் என்பதில் அவர்களோடு எனக்கு வழக்கில்லை. புத்தகம் வேண்டுமா என்பதில்தான் வழக்கு.

தங்குவது நிலைமாற்றம் என்று கொண்டால் இந்தத் தேடலே வேண்டியதில்லை. மாறியது செய்தவன்தான், மாற்றம் அவனைத் தேடிக்கொண்டு எங்கிருந்து வர வேண்டும்? யோக நூல்கள் சம்ஸ்காரம், வாசனை என்று பேசியது இந்தத் திசையில்தான். பொய் சொல்லிப் பழகியவனை எடுத்துக்கொள்வோம். முதல் சில பொய்களுக்குப் பிறகு அவனிடம் வெளியே ஒன்றும் தெரியாது; ஊரார் மதிப்பு, வியாபாரம், உறக்கம் எல்லாம் முன்புபோலவே இருக்கும். ஆனால் அடுத்த பொய்க்கு முன்னால் வர வேண்டிய தயக்கம் குறைந்திருக்கும். பிறகு ஒரு கட்டத்தில், மற்றவர் சொல்லும் உண்மையை நம்பும் திறனே அவனிடம் இல்லாமல் போகிறது. மனைவி சொன்னாலும் மருத்துவர் சொன்னாலும் உள்நோக்கம் தேடுகிறான். யாரும் அவனுக்குத் தண்டனை அனுப்பவில்லை. அவனுடைய பொய்கள்தான் அவனாக ஆகியிருக்கின்றன.

நிலைமாற்றம் என்று சொன்னால் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: அது தேயும். ஹங்கேரியில் பிறந்த வேதியியலாளர் மரியா டெல்கெஸ் 1948இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து டோவரில், கட்டடக் கலைஞர் எலினார் ரேமண்டோடு சேர்ந்து ஒரு வீட்டை அமைத்தார். வெயிலின் வெப்பம் ஏறத்தாழ 32 டிகிரியில் உருகும் கிளாபர் உப்பில் சேர்த்துவைக்கப்பட்டு, பனிக்கால இரவுகளில் அறைகளைச் சூடாக்க வேண்டும். முதலில் நன்றாகவே நடந்தது. ஆனால் இந்த உப்பு உருகும்போது அதன் படிகத்திலிருந்து விடுபடும் நீர், உப்பு முழுவதையும் கரைக்கப் போதாது. மிச்சம் வெண்பொடியாக அடியில் இறங்கிவிடும். மறுபடி குளிரும்போது மேலே இருக்கும் நீரும் அடியில் கிடக்கும் பொடியும் முழுதாகச் சேர்வதில்லை. ஒவ்வொரு முறை உருகி உறையும்போதும் கொஞ்சம் திறன் போகிறது. சில குளிர்காலங்களில் அமைப்பு தளர்ந்து, வீட்டுக்கு வழக்கமான கணப்பு வைக்க வேண்டியதாயிற்று. செய்த வினை நுகர்ந்தன்றித் தீராது என்ற உறுதிக்கு ஆற்றல் அழியாது என்னும் விதியைத் துணைக்கு அழைப்பது இப்போது மேடைகளில் வழக்கமாகிவிட்டது. ஆற்றல் அழியாது என்பது உண்மை. அது வைத்த இடத்தில், வைத்த அளவில் காத்திருக்கும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. எவ்வளவு கனத்த உறை போட்டாலும் தொட்டி கசிந்துகொண்டுதான் இருக்கும்.

பயன் வெளிப்படும் வேளையைப் பற்றியும் உப்பு ஒன்றைக் காட்டுகிறது. சோடியம் அசிட்டேட்டின் நீரேற்ற உப்பு 58 டிகிரியில் உருகும். ஆனால் உருகியதை அலுங்காமல் ஆறவிட்டால், அறைச் சூட்டுக்கு வந்த பிறகும் உறையாமல் தெளிந்த நீர்மமாகவே கிடக்கும். குளிர்நாடுகளில் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் கைச்சூட்டுப் பைகளில் இருப்பது இதுதான். உள்ளே கிடக்கும் சின்ன உலோக வில்லையை ஒருமுறை அழுத்தி மடக்கினால், அந்தப் புள்ளியிலிருந்து வெண்படிகம் சில நொடிகளில் பை முழுதும் ஓடி, சூடு 50 டிகிரிக்கு மேல் ஏறும். கிளாபர் உப்பிலும் இந்தத் தயக்கம் உண்டு. அதைப் போக்க டெல்கெஸ் சிறிதளவு வெண்காரம் கலந்தார். ஆக, தங்கியிருக்கும் நிலை மட்டுமே வெளிப்படும் நேரத்தைத் தீர்மானிப்பதில்லை. வெளியிலிருந்து வரும் ஒரு சின்னத் தூண்டுதலும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. பல ஆண்டு ஒழுங்காக இருந்தவர் ஒரு பதவி கிடைத்ததும் ஒரே மாதத்தில் வேறு ஆளாகிவிட்டார் என்று வியக்கிறோம். அவர் அந்த மாதத்தில் மாறியிருக்கவேண்டும் என்பதில்லை.

ஒப்புமையை வைத்து மெய்யியல் வழக்கைத் தீர்க்கலாமா என்று ஒருவர் கேட்கலாம். உப்புக்கு நல்லது கெட்டது ஏது, விருப்பம் ஏது? உப்பில் அறம் இல்லைதான். ஆனால் நான் உப்பைக் கொண்டு வினையை நிறுவவில்லை. வித்தும் மரமும், விறகும் தீயும், பாலும் நெய்யும் என்று உலகப் பொருள்களைக் காட்டி வாதிட்டவர்கள் வினை வாதிகளே. அந்த உவமைகள் அவர்களுக்கு அலங்காரமாக மட்டும் இருக்கவில்லை. காரியம் காரணத்தில் முன்பே இருக்கிறதா என்று சாங்கியரும் நியாயரும் நூற்றாண்டுக்கணக்கில் வழக்காடியது இவற்றின் மேல்தான். உவமையாக வந்த பொருளின் உள்நடப்பு நமக்கு இப்போது கூடுதலாகத் தெரிந்திருந்தால், அதை உவமேயத்தின் மேல் திருப்பிக் கேட்பதும் அந்த வழக்காட்டின் நெறிக்கு உட்பட்டதே. சமணர் இதற்கு எளிதில் மசியமாட்டார்கள். வினைக்கு இடமும் சொன்னார்கள், ஒட்டும் விதமும் சொன்னார்கள், உதிரும் விதமும் சொன்னார்கள். தேடிச் சேரும் சிக்கல் அவர்களுக்கு இல்லை. அவர்கள் கொள்கையில் மிகுதியாக இருப்பது அந்தத் துகள் மட்டும்தான். கலோரிக் போன பிறகும் எண் நின்றதுபோல, துகளை எடுத்துவிட்டாலும் அவர்கள் சொன்ன மற்றவற்றில் பெரும்பகுதி நிற்கும்.

கனமான ஆட்சேபம் வேறு. செய்தவன் மாறுவதுதான் பயன் என்றால், கொள்ளையடித்தவன் நிம்மதியாகச் சாவதற்கும், பிறந்த குழந்தை நோயில் துடிப்பதற்கும் என்ன பதில்? உலகம் கணக்கற்றுப் போய்விடாதா? பதில் இல்லை என்பதே என் பதில். சரக்குக் கோட்பாடு தருவதாகச் சொல்லும் பதிலும் பதில் இல்லை. குழந்தை படும் துன்பத்தைப் பார்த்து முற்பிறப்பில் குற்றம் இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறது. அந்தக் குற்றத்துக்கு இந்தத் துன்பத்தைத் தவிர வேறு சான்று கிடையாது. இரவில் உண்டதை யாராவது சோதிக்க முடியும் என்பதால்தான் தேவதத்தனைப் பற்றிய ஊகத்துக்கு மதிப்பு. இங்கே சோதிக்க வழியே இல்லை; ஆனாலும் தீர்ப்பு மட்டும் உடனே எழுதப்பட்டுவிடுகிறது. சிவிகை சுமப்பவனையும் அதில் ஊர்ந்து செல்பவனையும் பற்றிய குறளுக்குப் பரிமேலழகர் சொன்ன உரையில், அறத்தின் பயன் அவ்விருவரைப் பார்த்தாலே விளங்கிவிடுகிறது. பல்லக்குத் தூக்குபவனின் தோள் காய்ப்பு அவனுடைய பழைய பாவத்துக்குச் சான்றாகிவிட்டது. அறத்தின் வழி இதுதான் என்று அவர்களைக் காட்டிச் சொல்லாதே என வள்ளுவர் தடுக்கிறார் என்று பிற்காலத்தில் சிலர் கொண்ட பொருளே எனக்குச் சரியாகப் படுகிறது. உலகத்தின் அநீதிக்கு விளக்கம் இல்லாமல் இருப்பது குறைதான். துன்பப்படுகிறவன் தலையிலேயே குற்றத்தைக் கட்டும் விளக்கத்தைவிட அந்தக் குறை மேல்.

கடைசியாக மரணம். மாறியவன் இறந்துவிட்டால் மாற்றமும் அவனோடு போய்விடும். பிறகு மறுபிறப்பு எங்கே? நிலை என்று ஒன்று இருந்தால் அதைத் தாங்கும் பொருள் ஒன்று வேண்டும் என்பதை உப்பிலிருந்து தயங்காமல் சொல்லலாம். தொட்டி உடைந்து உப்பு மண்ணில் சிதறினால் சேமிப்பு அங்கேயே ஆறிப்போகும். மறுபிறப்பை ஏற்கும் சமயங்கள் இதை அறிந்தே இருந்தன. நுண்ணுடல் எடுத்துச் செல்கிறது என்றார்கள் சிலர், ஆலய விஞ்ஞானம் என்றார்கள் யோகாசார பௌத்தர். இவை கேள்விக்கு ஏற்ற வகையான பதில்கள். எது தாங்குகிறது என்பதற்குப் பெயராவது சொல்கின்றன. வினை தானாகவே வந்து சேரும் என்று மட்டும் சொல்லி நிறுத்துபவர்களைவிட இவர்கள் பொறுப்பானவர்கள். அப்படி ஒரு தாங்கி உண்மையில் உண்டா என்பது வேறு வழக்கு. அதில் சான்று காட்டும் பொறுப்பு உண்டு என்பவர்களுடையது. வெப்பம் தங்கும் விதத்தைக் கொண்டு அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத பகுதி ஒன்று வினைக் கோட்பாட்டில் இருக்கிறது. பொய் சொன்னவனுக்கு அது இந்தப் பிறவியிலேயே, இன்று மாலையே நடந்துகொண்டிருக்கிறது.